கீல் பக்கம்

பெட்டகம் திறக்கிறவள் என்று சொன்னால் எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. காதில் டாக்டர் குழாயை மாட்டிக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய, சக்கரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். அந்தக் குழாயை நான் காய்ச்சல் வந்தபோது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வீடுகளில் இருக்கும் பெட்டகங்களில் முக்கால்வாசி, வைத்தவரின் சோம்பலால் திறந்துகொள்ளும். மிச்சத்தில் பாதி, பேட்டரியை மாற்றினால் திறக்கும். இரண்டுக்கும் மசியாதது எதுவோ அதற்குத்தான் நான்.

என்னை எல்லோரும் 'பெட்டிக்காரி' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தத் தொழிலில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். பூட்டு விட்டுக்கொடுத்ததும் கீல் பக்கம் போய் நின்றுகொள்வேன். கதவு திறக்கத் திறக்க, எனக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் அந்தக் கதவே மறைப்பாக வந்துவிடும். உள்ளே என்ன இருந்தாலும் அது பெட்டிக்குச் சொந்தக்காரர் பாடு. எனக்குத் தெரிவதெல்லாம் எட்டிப் பார்க்கிறவர் முகம்தான். பல நாள் அதுவே வேண்டாம் என்று இருக்கும்.

அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டது மகன். அப்பா இறந்து சில மாதங்கள் ஆகின்றன, வீட்டை விற்றாயிற்று, திங்கட்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும், மூன்று பெட்டிகள் இருக்கின்றன, எதற்கும் எண்ணும் தெரியாது சாவியும் இல்லை என்றான்.

"எதையும் தொட்டுவெக்காதீங்க சார்" என்றேன். "முக்கியமா சக்கரம் வெச்ச பெட்டி இருந்தா, ஆசைக்குக்கூடத் திருகிப் பாக்காதீங்க."

"யாரு தொடப் போறாங்க? அப்பா இருக்கும்போதே நாங்க அது பக்கம் போனதில்ல."

"ஞாயித்துக்கிழமை நான் வேலைக்குப் போறதில்லை. சனிக்கிழமை வரேன்."

"இல்ல மேடம், அம்மா ஞாயித்துக்கிழமைதான்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்குக் கொஞ்சம் சரியில்ல. ஏதாவது சொன்னா சும்மா தலையாட்டிடுங்க."

சும்மா தலையாட்டுவது எனக்குப் பிறவியிலேயே வராது. சரி என்றேன்.

வீடு பாதி காலியாகியிருந்தது. அட்டைப் பெட்டிகள், ஒட்டும் நாடா, சுருட்டிய விரிப்புகள். படம் மாட்டியிருந்த இடங்கள் சுவரில் வெளுத்த கட்டங்களாக இருந்தன. கூடத்து மூலையில் ஒரு சின்ன முக்காலி தனியாக நின்றது. அதற்குமேல் சுவரில் தொலைபேசிக் கம்பி வரும் துளை ஒன்றைப் பூசி அடைத்திருந்தார்கள். அந்த முக்காலிக்குப் பக்கத்தில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தாள்.

மகன் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனதும் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நாளைக்கு என்னை ஒரு இடத்துல கொண்டுபோய் விடப்போறான். நல்ல இடமாம். தோட்டமெல்லாம் இருக்காம்."

"ம்" என்றேன்.

"இந்த வீட்டுல மணி அடிக்குதும்மா. போன் மணி. சுவத்துக்குள்ள. ஞாயித்துக்கிழமை, சாப்பிட்டு முடிச்ச நேரத்துக்கு. ரொம்ப வருஷமா. முதல்ல பக்கத்து வீட்டுப் போன்னு சொன்னார் அவர். பக்கத்து வீடு காலியானப்புறமும் அடிச்சுது. அப்புறம் எனக்கு மூளையில கோளாறுன்னு சொல்லிட்டார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்."

எனக்கு முதுகில் லேசாகச் சில்லென்றது. பேய் பிசாசு எல்லாம் எனக்குக் கிடையாது. ஆனாலும் மரியாதையாக ஒருத்தி உட்கார்ந்து கணக்காகச் சொல்லும்போது, கேட்கிற உடம்பு நம் பேச்சைக் கேட்பதில்லை.

"உனக்கு ஒரே ஒரு வேலைதான்" என்றாள். "இன்னைக்கு அடிக்கும்போது கேட்டுச்சா இல்லியான்னு சொல்லு. கேக்கலைன்னா கேக்கலைன்னு பட்டுனு சொல்லிடு. நான் வாயை மூடிக்கிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போயிடறேன். கேட்டுச்சுன்னா, எங்கேர்ந்து வருதோ அதைத் திறந்து குடு."

"அவ்வளவுதானே? பொய் சொல்ல மாட்டேன்மா."

"அதான் வெளியாள் வேணும்னேன்" என்றாள்.

முதல் பெட்டி சமையலறையில், பாத்திர அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பொத்தான்களில் எண்ணை அழுத்தும் ஜாதி. ஓட்டல் அறைகளில் இருக்குமே, அது. பேட்டரி செத்திருந்தது. வெளியிலிருந்தே உயிர் கொடுக்க இதற்கெல்லாம் வழி உண்டு. கொடுத்தேன். நாலு பொத்தான்களில் மட்டும் எண் தேய்ந்து போயிருந்தது. அப்பா பிறந்த வருஷத்தை மகனிடம் கேட்டு அழுத்தினேன். முதல் தடவையே 'பீப்' என்றது. தன் பிறப்பைத் தவிர வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவைப்படாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் உள்ளங்கையை நீட்டினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நீட்டியது தனக்கே தெரிந்ததும் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

நான் கீல் பக்கம் நகர்ந்தேன். உள்ளேயிருந்து அவள் எடுத்தவை மாத்திரை டப்பாக்கள். அத்தனையும் மாத்திரை.

"தினம் காலையில இது கத்தும். நான் கையை நீட்டணும்" என்றாள். "அவர் போனப்புறம் ஒண்ணும் சாப்பிடல. சாப்பிட்டாலும் அடிச்சுது, சாப்பிடலைன்னாலும் அடிக்குது."

மகன் அந்த டப்பாக்களை வாங்கி ஒரு பையில் போட்டான். முடிச்சுப் போடுவதற்குத் தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது, படுக்கையறைச் சுவருக்குள் பதித்தது. சாவிப் பெட்டி. பழைய காலத்து நெம்புப் பூட்டு, கனமானது, நேர்மையானது. இந்தப் பூட்டுகள் ஏமாற்றாது. சாவி இல்லையென்றால் இல்லைதான். கம்பிகளை விட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகட்டையும் தூக்கி நிறுத்தி, ஒன்றைத் தூக்கும்போது இன்னொன்று விழுந்து, மறுபடி முதலிலிருந்து. முட்டி போட்டு உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று. செத்துப்போன அந்த மனிதரை மனதார இரண்டு வார்த்தை திட்டினேன். திட்டி முடித்ததும் பூட்டு விட்டது. என் அனுபவத்தில் இது பல தடவை நடந்திருக்கிறது.

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினேன். அவள் உள்ளே கையை விட்டாள். ஒரு ஜோடி செருப்பு வந்தது. இளம் பெண்ணின் செருப்பு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. பிறகு சுவரிலிருந்து கழற்றிய படங்கள், சட்டத்தோடு. பிறகு ஒரு தலைமுடிப் பட்டை. அதை மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எரிச்சுட்டேன்னு சொன்னாரே" என்றாள். "பின்பக்கம் புகைகூட வந்துச்சே."

மகள். அவள் தனக்குப் பிடித்த ஒருவனோடு கிளம்பிப் போனாள். போன அன்றே கூடத்துப் போனைப் பிடுங்கி, இணைப்பை வெட்டிவிட்டதாகச் சொன்னார் அப்பா. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது அந்த ஒரு எண்தான். எங்கே போனாள், எந்த நாட்டில் இருக்கிறாள், யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அந்த அம்மாளிடம் இன்றுவரை ஒரு கைபேசிகூட இல்லை. இதையெல்லாம் அவள் அந்தப் பட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள். மகன் வெளியே போய் வாசல்படியில் நின்றுகொண்டான்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. செத்தவர்மேல் கோபப்படுவது வீண் என்பார்கள். உயிரோடு இருக்கிறவர்மேல் கோபப்பட்டு மட்டும் நான் என்ன கண்டேன்?

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் மூன்றாவதற்கு வந்தோம். அது அவருடைய அறையில் இருந்தது. நெஞ்சு உயரப் பெட்டி. தீப்பிடித்தாலும் உள்ளே இருப்பது வேகாத தடித்த கதவு. பின்புறம் சுவரோடு சேர்த்து முடுக்கியிருந்தது. நடுவில் எண் சக்கரம். எதிரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குப் பார்க்க ஜன்னல் கிடையாது, மேஜை கிடையாது, அந்தப் பெட்டி மட்டும்தான்.

"இங்கதான் விழுந்து கிடந்தார்" என்றாள் அந்த அம்மாள், தரையைக் காட்டி. "ஞாயித்துக்கிழமை. நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். மணி அடிச்சுது. நாற்காலி விழுந்துச்சு. ரெண்டும் ஒண்ணா கேட்டுச்சு எனக்கு. நாற்காலியை எல்லாரும் நம்பினாங்க."

"மணி அன்னைக்கும் எப்பவும் போலத்தான் அடிச்சுதாம்மா?"

"அதுதான் இல்ல. அதுக்கு முன்னாடி கொஞ்ச வாரம் நின்னே போச்சு. மாத்திரை வேலை செய்யுதுன்னு நெனச்சேன். ஆனா அவருக்கு இருப்பே கொள்ளல. ஞாயித்துக்கிழமை காலையிலயே வந்து இந்த நாற்காலியில உக்காந்துடுவார். சோறு வேண்டாம்பார். கதவைச் சாத்திக்குவார். எனக்கு நின்னு போனா அவருக்கு என்ன கஷ்டம்னு எனக்குப் புரியல." கொஞ்சம் யோசித்தாள். "மறுபடி ஆரம்பிச்சப்போ சத்தமே வேற மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி நீளமா அடிச்சு, தானா ஓயும். பொறுமையா. இப்போ கொஞ்சம் அடிக்கும், நிக்கும், மறுபடி அடிக்கும். தெரியாத்தனமா வெச்சுட்டு மறுபடி எடுக்கற மாதிரி."

நான் சக்கரத்தைப் பார்த்தேன். தூசி சீராகப் படிந்திருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை, மகன் சொன்னது நிஜம்தான்.

சக்கரப் பூட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தபின், கடைசியாக வலப்பக்கம் ஒரு திருப்பு. அந்த ஒரு திருப்புதான் பூட்டை உள்ளே இழுக்கும். பூட்டும்போது சக்கரத்தை நன்றாகச் சுற்றிக் கலைத்துவிட வேண்டும். சோம்பேறிகள் கலைக்க மாட்டார்கள். அதனால் எந்தச் சக்கரத்தையும் முதலில் மெல்ல வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன், யாராவது எனக்காகச் சோம்பல் பட்டிருக்கிறார்களா என்று. ஆனால் மாத்திரையைக்கூடப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மனிதரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பையிலிருந்து என் சாமான்களை எடுத்து விரித்தேன். சாயங்காலம்வரை இழுக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் அடித்தது.

மணிச் சத்தம் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள் யாரோ மூடிபோட்டுக்கொண்டு அடிப்பதுபோல் இருந்தது. அறையில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. அந்த அம்மாள் சுவரைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "கேக்குதும்மா. நல்லாக் கேக்குது."

அவள் முகத்தில் ஏதோ வந்தது. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது. அப்படியே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிறது. சத்தம் நின்றது.

மகன் திரும்பி வந்து அந்த அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"சார், கேட்டீங்கல்ல?"

"எனக்கு எதுவும் கேக்கல" என்றான். யோசிக்காமல், பாடம் ஒப்பிக்கிற பையனைப்போல.

"இங்க வந்து கையை வெச்சுப் பாருங்க."

வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயது ஆள், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அப்பா சொன்னாரு. அப்போ நான் ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா கேட்டா, கேக்கலைன்னு சொல்லணும், இல்லேன்னா அம்மாவும் கிளம்பிப் போயிடுவாங்கன்னாரு. பயந்துட்டேன். சொன்னேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல நிஜமாவே கேக்காமப் போயிடுச்சு. சத்தியமா. அம்மாவுக்குத்தான் ஏதோன்னு நானே நம்பிட்டேன்."

"இப்போ?"

"இப்போ கேட்டுச்சு" என்றான்.

அந்த அம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அவள், "அப்புறம் பேசிக்கலாம்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அது திரும்ப அடிக்கும். சீக்கிரம் திறம்மா."

மறுபடி அடித்தது.

நான் சாமான்களைத் தொடவில்லை. இதற்கெல்லாம் நேரமில்லை என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் சக்கரத்தைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் திருப்பினேன்.

சக்கரம் கனத்தது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். உள்ளே பூட்டு நகரும்போது மட்டும்தான் அந்தக் கனம் விரலுக்கு வரும். இழுபட்டு, நின்றது. திறந்துவிட்டது.

இந்த மனிதர் சோம்பேறி இல்லை. பூட்டிவிட்டுக் கலைக்காமல் போகிற ஜாதி இல்லவே இல்லை. அப்படியானால் இதற்கு ஒரே அர்த்தம்தான். மணி அடித்தது, நாற்காலியிலிருந்து எழுந்தார், எண்கள் எல்லாவற்றையும் போட்டார், கடைசி எண்ணில் சக்கரத்தை நிறுத்தினார். வலப்பக்கம் ஒரே ஒரு திருப்பு பாக்கி. அதற்குள் விழுந்துவிட்டார். அத்தனை வருஷம் இணைப்பை வெட்டவும் மனம் வராமல், எடுக்கவும் மனம் வராமல், உள்ளே வைத்துப் பூட்டி எதிரே உட்கார்ந்திருந்தவர், அன்றைக்கு எடுக்கத்தான் எழுந்திருக்கிறார். அவர் விட்ட இடத்திலிருந்து சக்கரத்தைத் திருப்பியது என் கை. விரல்களில் அவருடைய விரல்கள் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டேன். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வந்துவிட்டதே என்று ஆத்திரமும் வந்தது.

கைப்பிடியை இறக்கிக் கதவை இழுத்தேன். சத்தம் ஒரேயடியாக அறைக்குள் கொட்டியது. மூடி எடுத்த மணி, தெளிவாக, சாதாரணமாக, யார் வீட்டிலும் அடிக்கிற போன் மணி. நான் கீல் பக்கம் போய் நின்றேன். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாள் உள்ளே பார்த்தாள். "நம்ம கூடத்துப் போன்" என்றாள்.

பிறகு எடுத்தாள். சுவர் வழியாகப் பெட்டியின் முதுகுக்குள் வந்த கம்பி குட்டையாக இருந்திருக்க வேண்டும். தலையைப் பெட்டிக்குள் விட்டுத்தான் பேச முடிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் முதுகும் குரலும் மட்டும்தான்.

"ஹலோ."

மறுமுனையில் யாரும் பேசவில்லை போலிருக்கிறது. எடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதவர்கள் வேறென்ன செய்வார்கள்.

"வெச்சுடாதே. அம்மாதான் பேசறேன். வெச்சுடாதேடி."

மகன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாரு?" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "நீ யாரு கண்ணு? ... சரி. அம்மா எங்கே? அம்மாகிட்ட குடு."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, நீளமாக இருந்தது. அவள் பெட்டியின் மேல்தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

நின்று போன வாரங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பொறுமையாக நீளமாக அடித்துத் தானாக ஓய்ந்த மணி. அதற்குப் பிறகு, வைத்து வைத்து எடுத்த மணி. மகன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். கதவு கனத்துக்கொண்டே வந்தது. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல கண்ணு, நான் அழல. நீ ஒண்ணும் தப்பா சொல்லல." மூக்கை உறிஞ்சும் சத்தம் இரும்புக்குள் எதிரொலித்தது. "அம்மா சொல்லிக் குடுத்தாளா? ஞாயித்துக்கிழமையானா இந்த நம்பருக்குப் போடணும்னு? ... யாராவது எடுப்பாங்கன்னு சொன்னாளா?"

கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா. நான் உங்கம்மாவோட அம்மா. வீட்டுலதான் இருந்தேன். எப்பவும் இங்கதான் இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை இன்னும் உள்ளே கொண்டுபோனாள்.

"நீ சாப்பிட்டியாம்மா?"